எனக்கும் இப்படித்தான் இருந்தது

எனக்கு வயது அறுபத்தொன்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெரியகல்லாற்றில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கிருந்தே காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பிரசவ அறையில் சிற்றூழியர் வேலை. கட்டில் துடைத்தேன், இரத்தத் துணி அள்ளினேன், ட்ரொலி தள்ளினேன், பிறந்த பிள்ளைகளைத் துடைத்துச் சுற்றிக் கொடுத்தேன். டொக்டர்மார் வந்தார்கள், மாறிப் போனார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஒரே அறையில் இருந்தேன். என் வேலையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்ல நான் விட்டதில்லை.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பஸ்ஸின் பெயர்ப் பலகை வாசிப்பேன், சம்பளத்துக்குக் கையெழுத்து வைப்பேன், அதோடு சரி. இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். மருத்துவமாதுப் பயிற்சி முடித்து வெளியேறும் பிள்ளைகள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்குப் பழைய ஆட்களிடம் அனுபவம் கேட்டு இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். ஒருத்திக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. மற்றவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போதே இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்துவிட்டது.

"பெத்த ஆக்களுக்குத்தான் இந்த வேல சரி. நோவு எண்டா என்னெண்டு தெரியணும்" என்றாள் பெற்றவள்.

"அப்ப நான் லீவு எழுதிக் குடுத்துட்டு, கெதியா ஒண்டப் பெத்துப்போட்டு வரவா? மாப்பிளயையும் நீங்களே பாத்துத் தாங்க" என்றாள் மற்றவள்.

சிரித்தோம். ஆனால் இரண்டு பேரும் போகும்போது என் முகத்தைப் பார்த்தார்கள், யார் பக்கம் நான் என்று. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். புத்திமதி என்று என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு மாரிகாலத்து நாள் இருக்கிறது. அதைத் தருகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் மூத்த மருத்துவமாது ஒருவர் இருந்தார். பெரிய மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே விடுகிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வேலை பழக்கியவர் அவர்தான். கல்யாணம் முடிக்காதவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது. இத்தனை பிள்ளை பெற்ற நான் வாளியும் துணியுமாக நிற்கிறேன், ஒன்றும் பெறாத ஒருவர் பெறுகிறவளுக்கு எப்படிப் பெறுவது என்று சொல்லிக் கொடுக்கிறாரே என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன்.

பெற வந்த பெண்களும் விடமாட்டார்கள். நோவு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் கேட்பார்கள்: "மிஸ்ஸிக்கு எத்தின பிள்ளையள்?" உனக்கு என்ன தெரியும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். பெரிய மிஸ்ஸி கோபிக்கமாட்டார்.

"எனக்குப் பிள்ள இல்ல. அதால உங்கட நோவ நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும். எங்க நோகுது, எப்படி நோகுது? சொல்லுங்க, கேப்பம்."

சொல்வார்கள். புருசனிடமும் தாயிடமும் சொல்லாததை எல்லாம் சொல்வார்கள். அது ஆளைச் சமாளிக்கிற பேச்சு என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாரியில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் சுகந்தி என்று ஒருத்தி இருந்தாள். உண்மைப் பெயர் அது இல்லை. படுவான்கரைப் பிள்ளை, உன்னிச்சைப் பக்கம். புருசன் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவன். கைக்குழந்தையாக இருந்த மகனைத் தாயிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்திருந்தாள். அந்த முறை வந்தவர்களில் பிள்ளை பெற்றவள் அவள் ஒருத்திதான். மற்றப் பிள்ளைகள் முதல் நாள் இரத்தத்தைப் பார்த்துச் சுவரில் சாய்ந்தபோது இவள் சாயவில்லை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

தன்னுடைய பிரசவத்தைப் பற்றி ஒருநாள் துணி மடிக்கும்போது சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"குத்துத் தாங்க ஏலாமக் கத்திட்டன் பெரியம்மா. பெறத் தெரியும், வாய மூடத் தெரியாதா எண்டு ஒருத்தி ஏசினா. மறுகா ஒருத்தரும் கிட்ட வரல்ல. சுவரப் பாத்துக்கொண்டு கிடந்தன். ஆரும் வந்து முதுகக் கொஞ்சம் தடவிவிட்டாக் காணும் எண்டு இருந்திச்சு."

துணியை மடித்து வைத்துவிட்டு, "என்ட கையில கிடக்கிற ஒரு பொம்பிளயையும் நான் அப்படிக் கிடக்க விடமாட்டன்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். யாராவது நோவெடுத்துக் கிடந்தால் சுகந்தி பின்னால் போய் நிற்பாள், முதுகைத் தடவுவாள், தடவிக்கொண்டே பேசுவாள். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாரையும் தொடவிடாமல் இருந்த ஒரு சின்னப் பெண்ணை அவள் வழிக்குக் கொண்டுவந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் குந்தி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னாள்: "எனக்கும் இப்படித்தான் இருந்தது. செத்துப்போவன் எண்டுதான் நினைச்சன். சாகல்ல. பாருங்க, உங்களுக்கு முன்னால நிக்கிறன், ரெண்டு மடங்கு கொழுத்தும் போனன்." அந்த நோவுக்குள்ளும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கம்பியை விட்டுவிட்டு இவளுடைய கையைப் பிடித்தாள்.

எனக்கும் இப்படித்தான். அது சுகந்தியின் மந்திரம் போல ஆகிவிட்டது. தாய்மாருக்கு அது மருந்துபோல வேலை செய்தது. வாட்டுக்குப் போன பிறகும் 'அந்தப் பிள்ள பெத்த மிஸ்ஸி எங்க' என்று கேட்டார்கள். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் பெருமையாக இருந்தது. பார்த்தீர்களா, பெற்றவள் என்றால் இப்படி என்று மனதுக்குள் பெரிய மிஸ்ஸிக்குச் சொன்னேன்.

ஆனால் ஒரு தொந்தரவும் வந்தது. யாராவது பெலத்துக் கத்தினால் சுகந்திக்குக் கைகால் பதறிவிடும். ஓடிப்போய்ப் பெரிய மிஸ்ஸியைக் கூட்டி வருவாள். ஒருநாள் அவர் சாப்பாட்டுக் கையைக் கழுவிய ஈரத்தோடு ஓடி வந்தார். கட்டிலில் கிடந்தவள் தன் புருசனைத்தான் ஏசிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசன இஞ்ச வரச் சொல்லுங்க! கையக் கால முறிச்சிப்போட்டுத்தான் நான் மத்த வேல பாப்பன்!"

பெரிய மிஸ்ஸி பார்த்தார், தொட்டார், எல்லாம் சரியாகவே இருந்தது. நோவு ஓய்ந்ததும் அதே பெண் மெல்லிய குரலில், "மிஸ்ஸி, அவர் விடிய இருந்து ஒண்டும் சாப்பிடல்ல. வெளியில நிக்கிற ஆரும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தா நல்லம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பெரிய மிஸ்ஸி சிரிக்கவில்லை. சுகந்தியைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப் போனார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன்.

"ஏன் கூப்பிட்டாய்?"

"அவ கத்தினா மிஸ்."

"நீ அவவப் பாக்கல்ல. அவவிட கட்டில்ல உன்னப் படுக்க வச்சிப் பாக்கிறாய்."

அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. ஆனால் சுகந்தியின் முகம் சுண்டிப் போய்விட்டது. அதன்பிறகு அவள் பெரிய மிஸ்ஸியைக் கூப்பிடக் கூசத் தொடங்கினாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்த நாள் பகல் முழுவதும் மழை. வாவித் தண்ணீர் றோட்டுக்கு ஏறி, பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அறையில் எல்லாக் கட்டிலிலும் ஆள். மத்தியானத்துக்குப் பிறகு வாழைச்சேனைப் பெண் ஒருத்தியை உள்ளே எடுத்தார்கள். கடல் தொழிலாளியின் மனைவி. முதல் இரண்டும் சுகப்பிரசவம், இது மூன்றாவது. தானே நடந்து வந்து கட்டிலில் ஏறிப் படுத்தாள். பிள்ளையின் துடிப்பைக் கேட்டுப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சுகந்தியை அவளுக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

அந்தப் பெண் கத்தவில்லை, முனகவும் இல்லை. துவாயின் நுனியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். நான் மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டினேன். "பாருங்ககா, பெத்துப் பழகினவள் எண்டா இப்படி இரிக்கணும்" என்றேன். என் பிள்ளைகளை நான் பெற்றபோது வேலிக்கு அப்பால் ஒரு சத்தம் போனதில்லை. அது எனக்கு இன்றும் பெருமைதான்.

சுகந்தியும் நிம்மதியாகத்தான் இருந்தாள். கத்தாதவளுக்கு ஒன்றும் இல்லை என்பது அவளுடைய கணக்கு. அவள் உயிர் போகிற நேரத்தில் கத்தியவள் அல்லவா. வழக்கம்போலப் பின்னால் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். "மிஸ்ஸி, விடுதில்ல" என்றாள்.

"கடைசியில எனக்கும் இப்படித்தான் இருந்தது அக்கா. ஒரு குத்து முடியமுன்னம் மத்தது வந்திரும். இனிக் கிட்டத்தான், பயப்படாதீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. திரைக்கு அப்பால் இன்னொருத்திக்குத் தலை தெரிகிறது என்று பெரிய மிஸ்ஸி அங்கே நின்றார். கொஞ்ச நேரத்தில் வாழைச்சேனைப் பெண் மறுபடியும் சொன்னாள். இந்த முறை குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"விடுதில்ல."

சுகந்தி என்னைப் பார்த்தாள். "என்ன பெரியம்மா?"

"பெறக்குள்ள விடுமாகா" என்றேன் நான்.

பிள்ளை பெற்ற இரண்டு பேர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது எங்கள் எங்கள் நோவுதான்.

பிறகு அந்தப் பெண் மெல்ல மெல்லத் திரும்பி நிமிர்ந்து படுத்தாள். முதுகில் இருந்த சுகந்தியின் கையைத் தட்டிவிட்டாள். சுகந்திக்கு முகம் வாடிவிட்டது. தான் ஏங்கிக் கிடந்து கிடைக்காத ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள், இந்தப் பெண் வேண்டாம் என்கிறாள். அவள் கையை இழுத்துக்கொள்ளப் போனாள். அதற்குள் அந்தப் பெண் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"முதுகு வேணாம். இஞ்ச பாருங்க."

குத்து வரும்போது வயிறு கல்லாவதும், குத்து விட்டதும் இளகுவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுகந்தி இளகட்டும் என்று காத்திருந்தாள். எண்ணிக்கொண்டு அவள் உதடு அசைந்தது. வயிறு இளகவில்லை. மறுகையையும் வைத்தாள். இளகவில்லை. அப்போதுதான் நான் அந்தப் பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வேர்வையில் குளித்திருந்தது. உதட்டில் இரத்தமே இல்லை. கட்டில் துணியில் சொல்லும்படி ஒரு கறையும் இல்லை. போகிற இரத்தம் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். சுகந்தியின் உடம்பு கண்ட பிரசவம் 'இது சரிதான், இப்படித்தான் இருக்கும்' என்கிறது. அன்று வாங்கிய பேச்சு 'மறுபடியும் வீணாகக் கூப்பிடாதே' என்கிறது. பக்கத்தில் நிற்கிற மூத்தவள், நான், 'பெறும்போது விடுமா' என்று சொல்லியாகிவிட்டது. வேறு விதமாகச் சொல்வது அவள் கைக்குக் கீழே இருக்கிற அந்த வயிறு ஒன்றுதான்.

சுகந்தி தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மிஸ்! இஞ்ச வாங்க!"

"என்னடி?"

"வயிறு இளகுதில்ல மிஸ்! கைய வச்சிக்கொண்டுதான் நிக்கிறன், இளகவே இல்ல!"

திரைக்கு அப்பாலிருந்து பெரிய மிஸ்ஸி கேட்டார்: "உன்ட பயமா, அவவிட வயிறா?"

"அவவிட வயிறு மிஸ்."

அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. பெரிய மிஸ்ஸி தன் இடத்தை இன்னொரு மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒருமுறைதான் தொட்டார். டொக்டரைக் கூப்பிடும் சத்தம் அந்த அறை முழுவதும் கேட்டது. நான் ட்ரொலியை எடுத்தேன். தியேட்டர் வாசல்வரை நான் தள்ள, சுகந்தி பக்கத்தில் ஓடி வந்தாள். அந்தப் பெண் அவள் கையைத் தன் வயிற்றிலிருந்து எடுக்கவே விடவில்லை. வாசலில் பிரித்துத்தான் எடுத்தோம்.

தாய் பிழைத்தாள். பிள்ளையை வெளியே எடுத்தபோது துடிப்பு இல்லை. குழந்தைகளைப் பார்க்கும் டொக்டர் வந்து தன்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார். பெண் குழந்தை.

ஒப்பரேசன் செய்த டொக்டர் வெளியே வந்து, "நல்ல வேளை கூப்பிட்டீர்கள். இன்னும் பிந்தியிருந்தால் தாயும் இல்லை" என்றார். சுகந்தியின் காதில் 'பிந்தி' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. துணி அறைக்குள் போய் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ரெண்டு தரம் சொன்னா பெரியம்மா. நான் என்ட கதையத்தான் சொன்னன். நான் வீட்ட போறன். எனக்கு இது வேணாம்."

பெரிய மிஸ்ஸி வந்தார். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நின்றபடியே சொன்னார்:

"அவ முதல் சொல்லக்குள்ள நீ கேக்கல்ல. மறுகா கேட்டாய். ரெண்டும் உண்மதான். ஒண்ட மட்டும் தூக்கிக்கொண்டு வீட்ட போகாத. ரெண்டையும் வச்சிக்கொண்டு நாளைக்கு வேலைக்கு வா."

சொல்லிவிட்டு, தன் கைக்குட்டையை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளையைக் கழுவித் துடைத்தது நான்தான். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி வைத்தேன். வெளியே புருசன் நின்றான், சாரம் முழுக்க நனைந்து. கூட அவனுடைய தாயும் வந்திருந்தாள். பிள்ளையை வாங்கிப்போய் இருட்டுக்கு முன் அடக்கவேண்டும் என்று அவசரப்பட்டார்கள். தாய்க்குக் காட்டுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. மயக்கம் தெளிய முன்னமே கொண்டுபோய்விடுவார்கள். பார்த்தால் மறக்கமாட்டாள், பால் சுரந்து நெஞ்சு வெடிக்கும், புத்தி பேதலிக்கும் என்று சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சொல்ல எனக்கு உரிமை இருந்தது. எனக்கும் ஒன்று அப்படிப் போனது. வீட்டில் பெற்றது. எனக்குக் காட்டவில்லை. விடியுமுன் என் புருசன் எடுத்துக்கொண்டு போனார். நான் எழும்பி அடுப்பு மூட்டினேன். மற்றப் பிள்ளைகளை வளர்த்தேன். எனக்கு என்ன குறைந்துபோனது என்பது என் எண்ணம்.

சுகந்தி அழுத கண்ணோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள்.

"அக்காவிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னத்தக் கேக்கிற? நீ நேத்துப் பெத்தவள், உனக்கு என்ன தெரியும்? நான் ரெண்டப் பறிகுடுத்தவள். ஒண்டையும் பாக்கல்ல. இப்ப நான் சாப்பிடல்லயா, நித்திர கொள்ளல்லயா?"

புருசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கிழவி பக்கம் நின்றேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. சுகந்தி எங்களோடு வாதாடவில்லை. 'நான் என்றால் பார்க்கத்தான் கேட்பேன்' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அதுவும் சொல்லவில்லை. பெரிய மிஸ்ஸியிடம் போய் உத்தரவு கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். எங்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு மயக்கம் தெளிந்திருந்தது. பிள்ளை இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டிருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சுகந்தி முதுகைத் தடவப் போகவில்லை. கையைத் தொடவும் இல்லை. அவளுக்குத் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"அக்கா, பிள்ளய அவர் கொண்டுபோக நிக்கிறார். உங்களுக்குப் பாக்க விருப்பமா? விருப்பம் இல்லாட்டியும் சரி. எனக்குத் தெரியா, நீங்கதான் சொல்லணும்."

அவள் கண் கூரையிலேயே இருந்தது. போய்விடலாம் என்று நான் சுகந்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

அந்தப் பெண் கேட்டாள்: "என்னத்துல சுத்தி வச்சிரிக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரித் துணியில."

"என்ட பேக்குல மஞ்சள் சட்ட இரிக்கு. நான் தைச்சது. அதப் போட்டுக் கொண்டாங்க."

நான்தான் போட்டேன். சட்டை கொஞ்சம் பெரிது. கை மறைந்துபோயிற்று. இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தாள். காதைத் தொட்டாள். "காது அவரப்போல" என்றாள். நான் மடித்த கையை அவிழ்த்து, தானே மறுபடி மடித்தாள். அழுதாள்தான். புத்தி பேதலிக்கவில்லை. தாய் அழுகிறதைப்போல அழுதாள். பிறகு, "சரி, அவர்ட்ட குடுங்க" என்றாள்.

திரும்பியபோது வாசலில் கிழவி நின்றாள். உள்ளே வரவில்லை. நான் பிள்ளையோடு அவளைத் தாண்டும்போது கையை நீட்டி, மஞ்சள் சட்டைக்குக் கீழே இருந்த அந்தச் சின்னக் காலைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் என்னோடு நடந்து வந்தாள்.

அன்று இருட்டித்தான் வீட்டுக்கு வந்தேன். காலையில் மழை விட்டிருந்தது. என் புருசன் முற்றத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருசமாக அவரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"அது ஆணா, பொண்ணா?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வலையிலிருந்து கையை எடுத்தார்.

"பொடிச்சி" என்றார். பிறகு, "தலை நிறைய மயிர்" என்றார். வலையை மறுபடி எடுத்து, "நீ ஒருநாளாவது கேப்பாய் எண்டுதான் இருந்தன்" என்றார்.

அவர் காலமாகிவிட்டார். கேட்காமல் விட்டிருந்தால் அது அவரோடு போயிருக்கும்.

சுகந்தி அடுத்த நாள் வேலைக்கு வந்தாள். இப்போது உன்னிச்சைப் பக்கம் ஊர் மிஸ்ஸியாக இருக்கிறாள். வட்டைகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் திரிகிறாள், இரண்டாவது பிள்ளையையும் பெற்றுவிட்டாள். போன வருசம் என்னைப் பார்க்க வந்தாள். தாய்மார் இன்னும் கேட்கிறார்களாம், மிஸ்ஸிக்கு எத்தனை பிள்ளை என்று. "எனக்கு ரெண்டு. ஆனா அது என்ட நோவு. உங்கட எப்படி எண்டு நீங்கதான் சொல்லணும்" என்பாளாம். எங்கே படித்தாய் இந்தப் பேச்சை என்று கேட்டேன். சிரித்தாள். பெரிய மிஸ்ஸியின் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம்.

என் வீட்டில் சண்டை பிடித்த இரண்டு பேருக்கும் சொல்வது இதுதான். பெற்றவளே, நீ பெற்றதைச் செருப்பைப்போல வாசலில் கழற்றிவிட்டு வர உன்னால் முடியாது. அதைக் கொண்டே வா. அது இருப்பதால்தான் உனக்கு அவள்மேல் இரக்கம் வருகிறது. ஆனால் அதை உன் மடியில் வைத்திரு, அவள் கட்டிலில் வைக்காதே. பெறாதவளே, உனக்குத் தெரியாது என்று அவள் குத்திக் காட்டினால் ஓம் என்று சொல். சொல்லிவிட்டு, கையை வைத்துக் கேள்.

போதும் பேத்தி, பேனையை வை. எனக்குத் தொண்டை காய்கிறது. நீ படித்த பிள்ளை, நான் சொன்னதை எல்லாம் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றியிருப்பாய், எனக்குத் தெரியும். என் பேச்சை மாற்றினால் பரவாயில்லை. அந்த வாழைச்சேனைப் பிள்ளை இரண்டு தரம் சொன்னாளே, அதை மட்டும் மாற்றியிருக்கக்கூடாது. அவள் சொன்னது அவள் சொன்னபடியே இருக்கிறதா? அந்த இடத்திலிருந்து வாசி, கேட்பம். மெதுவாக வாசி.